தேக்கா தோசைக்கல் முதல் குழாய்த் தண்ணீர் வரை... சிங்கப்பூர் தன் சாக்கடையைக் காவல் காப்பது எப்படி?

சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பயணிகளில் பலர், முதல் நாள் மாலையே தேக்காவுக்கு வந்துவிடுவார்கள். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி நிலையத்தில் ஏறி வெளியே வந்தால், மல்லிகைப்பூ வாசனையும் மீன் வாடையும் கலந்து வரும். எதிரே தேக்கா சென்டர். கீழே காய்கறி, மீன், இறைச்சிச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும். மேலே புடவை, சுடிதார் கடைகள்.

புரோட்டா, பிரியாணி, மீன் தலைக் கறி, தோசை, வடை என்று சாப்பிட்டுவிட்டு, தே தாரிக் ஒன்றையும் குடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். அந்தத் தட்டுகளைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு சுவாரஸ்யமான பதில் இருக்கிறது. அது மீண்டும் இந்த ஊருக்கே வருகிறது. குடிக்கும் தண்ணீராகவும் வருகிறது.

அதனால்தான் இங்கே ஒரு டீக்கடையின் சிங்க்குக்குக்கூட சட்டம் இருக்கிறது.

எருமைத் தொழுவம் இருந்த இடம்

தேக்காவுக்குப் பின்னாலேயே ‘பஃபலோ ரோடு’ என்று ஒரு தெரு உண்டு. இந்தப் பகுதிக்கு மலாய் மொழியில் ‘கண்டாங் கெர்பாவ்’ என்று பெயர். எருமைத் தொழுவம் என்று அர்த்தம். 19-ம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பக்கத்தில் ரோச்சோர் ஓடை இருந்ததால் மாடுகளுக்குத் தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தன. அந்தத் தொழிலைச் சுற்றித்தான் தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் பலர் இங்கே குடியேறினார்கள்.

மாடு இருந்தால் சாணமும் இருக்கும், கழிவும் இருக்கும். எல்லாமே ஓடைக்குத்தான் போயின. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் அப்படித்தான் நாறின. மேல்பகுதியில் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள். கீழே கரையோரம் தெருக்கடைகள், படகுப் பட்டறைகள். சமைத்த எண்ணெயும் கழுவிய தண்ணீரும் மீந்த சோறும் நேராக ஆற்றில்.

1977-ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்று கெடு வைத்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் பண்ணைகள் அப்புறப்படுத்தப்பட்டன. குடிசைவாசிகள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். சுமார் 5,000 தெருவோர வியாபாரிகள் கூரையும் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். 1987-ல் அந்தப் பணி முடிந்தது. வாளியில் மலம் அள்ளும் முறைக்கு இந்த நாடு முற்றுப்புள்ளி வைத்ததும் அதே 1987-ல்தான்.

இன்று சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் ‘ஹாக்கர் சென்டர்’கள் பெருகியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஊர்ப் பலகைகளில் தமிழில் ‘உணவங்காடி நிலையம்’ என்று எழுதியிருக்கும். 2020-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பெருமைக்குரிய இடங்கள் இவை. ருசிக்காக எல்லோருக்கும் தெரிந்த இந்த இடங்கள், சுகாதாரக் கணக்கில் பார்த்தால் சாக்கடைக் கட்டுப்பாட்டுக்காகவும் கட்டப்பட்டவை.

பின்சந்தில் இரண்டு வாய்கள்

செராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் குறுகிய சந்துகள் இருக்கின்றன. முன்பக்கம் நகைக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று மினுமினுக்கும். பின்பக்கம்தான் சமையலறைகள்.

இந்தச் சந்தில் தண்ணீர் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மழைநீர் ஓடும் கால்வாய். மற்றொன்று, மூடிபோட்ட கழிவுநீர்க் குழாய். நம் ஊரில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். சிங்கப்பூரில் இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

காரணம் எளிது. மழைநீர்க் கால்வாய் ரோச்சோர் ஓடையில் சேர்கிறது. ஓடை, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. ஊரின் நடுவே, உயரமான கட்டடங்களுக்கு முன்னால் பளபளக்கிறதே அந்தத் தண்ணீர்தான். 2008-ல் கடல்வாயில் ‘மரினா பராஜ்’ என்ற தடுப்பணை கட்டப்பட்டு, உப்புநீர் வெளியேறி, அது நன்னீர் ஏரியாக மாறியது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இந்த ஏரிக்குத்தான் வருகிறது. சுத்திகரித்தால் அது குடிநீர்.

அதாவது, இரவு கடை மூடும்போது ஒருவர் சோம்பல்பட்டு எண்ணெய்ச் சட்டியைப் பின்சந்துக் கால்வாயில் கழுவி ஊற்றினால், அவர் ஊற்றுவது ஊரின் ஏரியில். ஆகவே சட்டி கழுவும் இடம், குப்பைத்தொட்டி கழுவும் இடம் எல்லாவற்றுக்கும் மேலே கூரை இருக்க வேண்டும். கீழே கழிவுநீர்க் குழாயுடன் இணைப்பு இருக்க வேண்டும். மழை சாக்கடைக்குள் புகக்கூடாது. கழுவிய நீர் கால்வாய்க்குள் போகக்கூடாது.

சரி, கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் பிரச்னை இல்லையா? அங்கேதான் எண்ணெயின் விளையாட்டு ஆரம்பம்.

சூட்டில் திரவம்... குளிர்ந்தால் கல்!

நெய்யைக் காய்ச்சிப் பாருங்கள். தண்ணீர்போல ஓடும். ஆற வைத்தால் உறையும். ஆட்டுக்கொழுப்பு, வனஸ்பதி, தேங்காய் எண்ணெய் எல்லாமே இப்படித்தான். சமையலறையில் சுடுநீரோடு சேர்ந்து சிங்க்கில் இறங்கும்போது எண்ணெய் நல்ல பிள்ளையாகப் போய்விடும். குழாய்க்குள் சில மீட்டர் போனதும் சூடு குறையும். சுவரில் மெழுகுபோல ஒட்டும். அதன்மேல் சோற்றுப்பருக்கை, காபித்தூள், யாரோ கழிப்பறையில் போட்ட ஈரத்துடைப்பான்கள் ஒட்டும். குழாயில் உள்ள கால்சியமும் சேர்ந்து, சோப்புக்கட்டிபோல இறுகிவிடும்.

2017-ல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் இப்படி ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர். எடை 130 டன். ‘ஃபேட்பெர்க்’ (கொழுப்புப்பாறை) என்று பெயர். அதில் ஒரு துண்டை 2018-ல் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்!

சிங்கப்பூரின் பதில், சமையலறை வாசலிலேயே எண்ணெயை மடக்கிப் பிடிப்பது. அதற்கு ‘கிரீஸ் டிராப்’ என்று பெயர். கொழுப்புப் பொறி என்று சொல்லலாம். எலிப்பொறிபோல இதில் எந்த விசையும் கிடையாது. ஒரு தொட்டி, உள்ளே இரண்டு மூன்று தடுப்புச் சுவர்கள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவிய நீர் இதற்குள் வந்ததும் வேகம் குறையும், சூடும் தணியும். எண்ணெய் லேசானது என்பதால் மேலே மிதக்கும். சோறு, எலும்புத்துகள் அடியில் தங்கும். நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் மட்டும், தடுப்புக்குக் கீழே புகுந்து வெளியேறும்.

சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர்கள் இதை வைத்தே ஆக வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. இரண்டாவது வேலைதான் கஷ்டமானது. அடிக்கடி காலி செய்ய வேண்டும். மேலே எண்ணெய்ப் படலமும் அடியில் வண்டலும் ஏறிக்கொண்டே போனால், நடுவில் நீர் தங்க இடம் இருக்காது. வந்த எண்ணெய் வந்த வேகத்தில் வெளியே போய்விடும். சுத்தம் செய்யாத பொறி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

எடுத்த கசடை எங்கே வேண்டுமானாலும் கொட்டவும் முடியாது. அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனத்தின் டேங்கர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் போன பிறகே இந்த வேலை நடக்கும். மூடியைத் திறந்தால் வரும் நாற்றத்தில் யாரும் சாப்பிட முடியாது அல்லவா!

வறுத்த எண்ணெய்க்குத் தனி வழி. அது சிங்க்குக்கே வரக்கூடாது. டின்னில் சேர்த்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பழைய சமையல் எண்ணெய்க்கு இன்று உலகச் சந்தையில் நல்ல கிராக்கி. சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸில் பின்லாந்து நாட்டின் நெஸ்டே நிறுவனம், பழைய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து டீசலும் விமான எரிபொருளும் தயாரிக்கும் பெரிய ஆலையை நடத்துகிறது. வடை சுட்ட எண்ணெய்க்கு விமானத்தில் பறக்கும் யோகமும் உண்டு!

தொழிற்சாலைக்கு வேறு கணக்கு

ஜூரோங், துவாஸ் பகுதிகளில் காட்சியே வேறு. ரசாயன ஆலைகள், சிப் தயாரிக்கும் ஆலைகள், மருந்து ஆலைகள், பிஸ்கட், குளிர்பான ஆலைகள் என்று வரிசை கட்டி நிற்கின்றன. இங்கே சாக்கடையில் ஒரு வாளி விடுவதற்கும் முன்அனுமதி வேண்டும். பி.யு.பி என்கிற தேசிய நீர்த்துறைதான் அனுமதி தருகிறது. 1963-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பிடம், 2001-ல் கழிவுநீர், மழைநீர் வடிகால் பொறுப்புகளும் ஒப்படைக்கப்பட்டன. அணையும் குழாயும் சாக்கடையும் ஒரே கையில் வந்தது அப்போதுதான்.

பொதுச் சாக்கடையில் விடும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான எல்லைகள் இருக்கின்றன. வெப்பம் 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. அமில-காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 400 மில்லிகிராம். சமையல் எண்ணெய், கொழுப்பு வகை லிட்டருக்கு 100 மில்லிகிராம். பெட்ரோலிய எண்ணெய் வகைக்கு இன்னும் கறார், 60 மில்லிகிராம்தான்.

இதில் ஒரு புத்திசாலித்தனமான விதிவிலக்கு உண்டு. பிஸ்கட் ஆலையிலிருந்து சர்க்கரையும் மாவும் கலந்த நீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அழுக்குதான், ஆனால் விஷம் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் கழிவைத் தின்று செரிப்பது பாக்டீரியாக்கள். அவற்றுக்கு இது கூடுதல் சாப்பாடு. எனவே இப்படி மட்கும் கழிவைக் குறிப்பிட்ட உச்சவரம்புவரை எல்லையைத் தாண்டி விடலாம். ஆனால், எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அழுக்குக்கு ஏற்ற பில்!

கன உலோகங்களுக்கும் ரசாயனக் கரைப்பான்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவை பாக்டீரியாக்களையே கொன்றுவிடும். காசு கொடுத்தாலும் விட முடியாது. ஆலைக்குள்ளேயே பிரித்தெடுத்து, நச்சுக்கழிவு நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். விதியை மீறினால் அபராதம். ஆபத்தான பொருள் என்றால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று நள்ளிரவில் திறந்துவிட்டால்? பாதாளக் குழாய்களுக்குள்ளேயே மோப்பம் பிடிக்கும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். பெயின்ட், தின்னர்போல எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள் குழாயில் வந்தால் அவை உடனே தகவல் அனுப்பும். எந்தக் குழாயில், எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிட்டால், எந்தத் தெருவின் எந்த ஆலை என்று நெருங்குவது சுலபம்.

விமானம் இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே...

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அதைப் புரிந்துகொள்ள, மீண்டும் சாங்கிக்கே போக வேண்டும்.

தேக்காவின் சிங்க்கில் இறங்கிய நீர், சிறு குழாய், பெரு குழாய் என்று மாறி, பூமிக்குள் பல மாடி ஆழத்தில் இருக்கும் ஒரு சுரங்கத்தில் விழுகிறது. வடக்கே கிராஞ்சியில் தொடங்கி கிழக்கே சாங்கியில் முடியும் இந்தச் சுரங்கத்தின் நீளம் 48 கிலோமீட்டர். சில இடங்களில் 6 மீட்டர் விட்டம், ஒரு பேருந்தே நுழைந்துவிடலாம். சரிவாக அமைத்திருப்பதால் வழியில் பம்ப் தேவையில்லை, தானாகவே ஓடும். 2008-ல் இது முடிந்தது. மேற்குப் பகுதிக்கான இரண்டாவது சுரங்கம் தோண்டும் வேலை 2023-ல் நிறைவடைந்தது. அது துவாஸில் போய் முடிகிறது.

சாங்கி ஆலை ஒரு நாளைக்கு 8 லட்சம் கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அந்த ஆலையின் கூரைமேலேயே இன்னொரு ஆலை இருக்கிறது. அதுதான் ‘நியூவாட்டர்’ ஆலை. தமிழில் புதுநீர் என்று சொல்லலாம். சுத்திகரித்த கழிவுநீரை முதலில் மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டுகிறார்கள். பிறகு நம் வீட்டு ஆர்.ஓ இயந்திரத்தில் உள்ளதுபோன்ற சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். கடைசியாகப் புற ஊதாக் கதிர். வெளியே வருவது பளிங்குபோன்ற தண்ணீர்.

2002 ஆகஸ்ட் 9, தேசிய தின அணிவகுப்பில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும் கூடியிருந்த மக்களும் இந்த நீர் நிரப்பிய பாட்டில்களை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள். சாக்கடையைக் குடிப்பதா என்ற அருவருப்பைத் தாண்ட, தலைவரே குடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இன்று இந்த நீரில் பெரும்பகுதி சிப் ஆலைகளுக்கும், கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளுக்கும் போகிறது. வறண்ட காலத்தில் ஒரு பங்கு ஏரிகளில் கலக்கப்பட்டு, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு, வீட்டுக் குழாய்க்கு வருகிறது. நாட்டின் தேவையில் 40 சதவீதம் வரை இதனால் ஈடுகட்ட முடியும் என்று நீர்த்துறை சொல்லிவந்திருக்கிறது.

இப்போது அந்த மோப்பக் கருவிகளின் அவசியம் புரியும். ஆர்.ஓ சவ்வு உப்பை நிறுத்தும், கிருமியை நிறுத்தும். ஆனால், சில மிகச் சிறிய ரசாயன மூலக்கூறுகள் அதையும் தாண்டி நழுவப் பார்க்கும். கடைசி வாசலில் பிடிப்பதைவிட முதல் வாசலில் நிறுத்துவதே பாதுகாப்பு. எண்ணெயும் அப்படித்தான். சவ்வில் படிந்தால் துளைகள் அடைபடும்.

தண்ணீருக்குத் தவித்த வரலாறு

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைவிட எவ்வளவோ அதிகம். ஆனால், தேக்கி வைக்க நிலம் இல்லை. பெரிய ஆறு இல்லை. 1942-ல் போரின்போது பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. அதோடு மலாயாவிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் அறுந்தது. 1963-ல் வறட்சி வந்து, பத்து மாதங்கள் தண்ணீர் ரேஷன். இன்றும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள 1962-ம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. அது 2061-ல் முடிகிறது.

அந்தத் தேதி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் ‘கழிவுநீர்’ என்ற சொல்லையே ஒதுக்கிவிட்டு, ‘பயன்படுத்திய நீர்’ என்று எழுதுகிறார்கள்.

பளபளப்புக்குப் பின்னால்

எல்லாம் இயந்திரமே செய்துவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவைச் சுற்றிக் கூடுகிற ஆயிரக்கணக்கான தொழிலாளர்களில், தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் நிறைய பேர். கட்டுமானம், பராமரிப்பு, துப்புரவு என்று இந்த ஊரைத் தினமும் ஓட வைப்பவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான்.

கசடு தேங்கும் இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். முதலில் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய், வாடையே தெரியாது. அடுத்தது மயக்கம், மரணம். 2024 மே மாதம் சுவா சூ காங் குடிநீர் ஆலையில் தொட்டியைச் சுத்தம் செய்யும் பணியின்போது இந்த வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இன்னும் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். விதிகளுக்குப் பெயர்போன ஊரிலும் இது நடந்தது. பாதாளச் சாக்கடை மரணங்களை அடிக்கடி செய்தியில் படிக்கும் நமக்கு அந்த வலி புரியும். குழாய்க்குள் போகும் எண்ணெயைக் குறைப்பது தண்ணீருக்காக மட்டுமல்ல. அடைப்பு குறைந்தால், அதை எடுக்க உள்ளே இறங்க வேண்டிய ஆளும் குறைவார்.

நம் ஊருக்கு என்ன?

சென்னையும் இந்தப் பாதையில் அடி எடுத்து வைத்துவிட்டது. கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இரண்டு இடங்களில், கழிவுநீரை ஆர்.ஓ முறைவரை கொண்டுபோய்ச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகள் 2019 முதல் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. அந்த ஆலைகளுக்கு வரும் நீர் எப்படி இருக்கும் என்பது நம் வீட்டு சிங்க்கிலும் தெருமுனை ஹோட்டலிலும்தான் ஆரம்பிக்கிறது.

அரசு ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில விஷயங்கள்:

* அப்பளம், பூரி பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்ற வேண்டாம். ஆறவிட்டு, பழைய பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.

* எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலி, தட்டுகளைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

* சுடுநீர் ஊற்றினால் அடைப்பு போய்விடும் என்று நம்ப வேண்டாம். எண்ணெய் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் உறையும், அவ்வளவுதான்.

* ஈரத்துடைப்பான், நாப்கின் எதுவும் கழிப்பறைக்குள் போகக்கூடாது.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால், தேக்காவில் சாப்பிட்ட கையோடு ரோச்சோர் ஓடைக் கரைக்கு நடந்துவிட்டு, ரயில் ஏறி மரினா பராஜ் போய்ப் பாருங்கள். அதன் கூரை முழுவதும் புல்வெளி. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுவார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கீழே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி.

நீங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும் நேரத்தில், தேக்காவில் இரவுச் சாப்பாட்டுக்கான எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். கடைசி மேசை காலியானதும் தட்டுகள் கழுவப்படும். கொழுப்பு தொட்டியில் தங்கும், தண்ணீர் சாங்கிக்குக் கிளம்பும்.